நாற்பது மில்லி செகண்ட்

பச்சையாகத்தான் இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பச்சைக்குப் பக்கத்தில் இருந்த எண்தான் லவினாவுக்குப் பிடிக்கவில்லை. நாற்பது இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தொன்று.

திரையில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். ஒவ்வொரு வரியும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வெப் சர்வீஸ். இந்த சிஸ்டம் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒவ்வொன்றையும் கூப்பிட்டு 'இருக்கியா?' என்று கேட்கும். 'இருக்கேன்' என்று பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. கேள்வி போய்ப் பதில் திரும்ப எத்தனை மில்லி செகண்ட் ஆயிற்று என்று ஓரத்தில் ஓர் எண் வரும். தூரம் அதிகமானால் எண் ஏறும், பக்கத்தில் இருந்தால் இறங்கும். லவினா பதினொரு வருஷமாக இந்த வரிகளை வெறித்துப் பார்த்துத்தான் சோறு தின்கிறாள். நானூற்றுப் பதினொரு வரிகள் வாடிக்கையாளர்களுடையவை. கடைசி வரி அவளுடையது, மேனேஜருக்குத் தெரியாமல் சொருகி வைத்தது. அதன் பெயர் கில்பர்ட்.

கில்பர்ட் அவளுடைய அப்பா. கோலார் தங்கச் சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் பூமிக்கடியில் கல் உடைத்தவர். வலது கையில் இரண்டு விரலைப் பாறை எடுத்துக்கொண்டது, நுரையீரலைத் தூசி எடுத்துக்கொண்டது. இப்போது பொம்மனஹள்ளியில் வாடகை வீட்டு மாடியில், மூக்கில் டியூபோடு ஆக்சிஜன் மிஷின் பக்கத்தில் படுத்திருக்கிறார். மிஷின் நின்றால் அரை மணி நேரம் தாங்குவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு மேல் என்ன என்று லவினா கேட்கவில்லை. மிஷினின் முதுகில் தீப்பெட்டி அளவு டப்பா ஒன்றை மாட்டியிருந்தாள். டப்பாவுக்குள் ஒரு சின்ன வெப் பேஜ்: மிஷின் ஓடுகிறதா, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர், அவ்வளவுதான். வைட்ஃபீல்டில் இருக்கும் அவள் ஆபீஸிலிருந்து கேள்வி போய்ப் பதில் வர நாற்பது மில்லி செகண்ட் ஆகும். சில நாள் ஐம்பது ஆகும். நாற்பதுக்குக் கீழே வந்ததே இல்லை.

மணி பத்து பத்து. 'பந்த் ஆச்சே, லைன் காலியா இருக்கும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பந்த் என்றால் சும்மா இல்லை. ஆறாவது மாடிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், தினமும் ஹாரன் அடித்தே ஆளைக் கொல்லும் ரோடு, வெயிலில் கழுவிப் போட்ட மாதிரி வெறுமையாகக் கிடந்தது. எங்கோ ஹோப் ஃபார்ம் பக்கம் மைக்கில் கன்னடக் கோஷம் கேட்டு ஓய்ந்துவிட்டது. ஆளில்லாத தளத்துக்கு எதற்கு என்று ஏ.சி.யைப் பாதி நிறுத்தியிருந்தார்கள். அறுபது நாற்காலிகளில் அவள் ஒருத்திதான். பந்த் தொடங்குவதற்கு முன் ஐந்து மணிக்கு கேப் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிற்று, இனி சாயங்காலம் ஆறுக்குத்தான் வரும். ஷிஃப்ட்டில் இருந்த மற்ற இருவரும் 'வண்டி கிடைக்கல' என்று ஒரு மெசேஜ் தட்டிவிட்டுப் போர்வைக்குள் போய்விட்டார்கள். புண்ணியவான்கள்.

காலையிலிருந்தே நாள் சரியில்லை. ஏழு மணிக்கு ஒரு வாடிக்கையாளரின் நாற்பது வரிகள் ஒன்றாகச் சிவந்தன. மேனேஜர் ப்ரஹ்லாத் வீட்டிலிருந்தபடியே ஃபோனில் ஒரு மணி நேரம் காய்ச்சி எடுத்தான். "லவினா, அவங்க மேலிடத்துக்கு எஸ்கலேட் பண்ணிட்டாங்க. நீங்க என்ன பாத்துட்டு இருக்கீங்க?" எல்லாவற்றையும் நோண்டிப் பார்த்தால், வெப்சைட்டின் பாதுகாப்பு சர்டிஃபிகேட்டைப் புதுப்பிக்க மறந்தது அந்த வாடிக்கையாளர்களேதான். அந்தக் களேபரத்துக்கு நடுவில், ஏழு பத்துக்கு, கில்பர்ட் சிவந்தது. அது தினமும் அந்த நேரத்துக்கு ஒரு தரம் சிவக்கும். பொம்மனஹள்ளியில் கரண்ட் கண் சிமிட்டும், டப்பா அணைந்து எரியும், அடுத்த கேள்விக்குப் பச்சையாகிவிடும். "சனியனே, நீயும் ஆரம்பிச்சிட்டியா" என்று சொல்லி, மூன்று மணி நேரம் அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று சிஸ்டத்துக்கு உத்தரவு போட்டாள். ஒரு க்ளிக். வரி சாம்பல் நிறமாகிப் பட்டியலின் அடிக்குப் போய்விட்டது. தொழிலில் இருக்கும் எல்லோரும் ஒரு நாளைக்குப் பத்து தரம் செய்கிற காரியம்தான்.

எட்டு மணிக்குத்தான் சைலண்டில் கிடந்த ஃபோனை எடுத்துப் பார்த்தாள். அப்பாவிடமிருந்து மூன்று மிஸ்டு கால். ஏழு பதினாலு, ஏழு பதினாறு, ஏழு பத்தொன்பது.

வீட்டு யூ.பி.எஸ். பேட்டரி போன வாரமே உயிரை விட்டுவிட்டது. புதியது நாளைக்குத்தான் வரும். பதற்றத்தில் இரண்டு தரம் தப்பாக அழுத்தி, மூன்றாவது தரம் அவர் நம்பர் போயிற்று. முதல் மணியிலேயே எடுத்தார்.

"அப்பா! கூப்பிட்டீங்களா? கரண்ட் போச்சா?"

"நல்லாத்தான் கீறேன்ம்மா."

"பின்ன ஏன் மூணு வாட்டி அடிச்சீங்க?"

ஒரு இருமல். பின்னால் எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம். பாத்ரூம் குழாயை மூடாமல் விட்டிருப்பார். "நல்லாத்தான் கீறேன்ம்மா" என்றார் மறுபடியும். ஃபோன் வைக்கப்பட்டது. அப்பாடா என்று மூச்சு வந்தது லவினாவுக்கு. மாதா படம் ஃபோனின் பின்னால் ஒட்டியிருந்தது, அதைத் தொட்டு முத்தமிட்டாள்.

பத்து பத்துக்கு அவள் போட்ட உத்தரவு முடிந்தது. வரி பச்சையாகவே மேலே வந்தது. எண் மட்டும் முப்பத்தொன்று.

பத்து பதினைந்துக்கு இருபத்தேழு.

"என்ன எழவுடா இது" என்று வாய்விட்டே சொன்னாள். அப்பாவின் டப்பாவில் இருக்கும் வெப் பேஜைத் திறந்தாள். மிஷின் ஓடுகிறது என்றது முதல் வரி. நிமிஷத்துக்குப் பூஜ்யம் லிட்டர் என்றது இரண்டாவது வரி. ஓடுகிற மிஷின் எப்படிப் பூஜ்யம் லிட்டர் தரும்? சென்சார் போயிருக்க வேண்டும். அப்பாவைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார். நல்லாத்தான் இருந்தார். இருமினார், தண்ணீர் சொட்டியது, வைத்துவிட்டார். கீழ் போர்ஷனில் இருக்கும் மகாவைக் கூப்பிட்டாள். மகா கார்மெண்ட்ஸில் வேலை செய்கிற பெண், மாற்றுச் சாவி அவளிடம்தான் இருக்கும். ஸ்விட்ச் ஆஃப். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்குகிறாள் போலும்.

சரி, ஒழுங்காகப் பார்ப்போம் என்று ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். கேள்வி கேட்கும் செக்கை நிறுத்தி மறுபடி ஓட்டினாள்: இருபத்திரண்டு. பழைய பதிலைப் பிடித்து வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறதோ என்று சேமிப்பையெல்லாம் துடைத்துவிட்டுக் கேட்டாள்: இருபது. வழியைப் பார்த்தாள். தினமும் ஒன்பது இடங்களைத் தாண்டித்தான் பொம்மனஹள்ளி போகும், இன்றைக்கு ஐந்துதான் காட்டியது. நடுவில் இருந்த நாலும் எங்கே போய்த் தொலைந்தன? இன்னொரு தரம் கேட்டாள். நாலு. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம். பதினொரு வருஷ அனுபவம் என்று பேர், ஒரு தீப்பெட்டி டப்பா அவளைக் கோமாளி ஆக்குகிறது. சிவப்பாக இருந்தால் சரிசெய்யலாம். பச்சையாக இருக்கிற ஒன்றை என்னவென்று சரிசெய்வது?

ப்ரஹ்லாத் கூப்பிட்டான். காலையில் நடந்ததற்கு ரிப்போர்ட் வேண்டுமாம்.

"ப்ரஹ்லாத், நான் வீட்டுக்குப் போகணும். அப்பா விஷயம்."

"ஏன், என்ன ஆச்சு?"

என்ன ஆச்சு என்று சொல்வது? அப்பா ஃபோன் எடுக்கிறார், நல்லா இருக்கேன் என்கிறார், மிஷின் சீக்கிரமாகப் பதில் சொல்கிறது. "தெரியல" என்றாள்.

"பந்த்ல எப்படிப் போவீங்க லவினா? ஃப்ளோர்ல வேற யாரும் இல்ல. எல்லாம் பச்சையாத்தானே இருக்கு? பின்ன என்ன?" அவன் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

பத்து ஐம்பதுக்கு மறுபடி அப்பாவைக் கூப்பிட்டாள். அதே பதில். லவினா ஃபோனை மேஜைமேல் எறிந்துவிட்டு, பிழை பிடிபடாதபோது எல்லோரும் செய்கிற காரியத்தைச் செய்தாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்கும் கேள்வியைப் பத்து விநாடிக்கு ஒரு தரம் ஆக்கினாள். அடிக்கடி கேட்டால் எங்கே தப்பு என்று தெரிந்துவிடும்.

பதினெட்டு. பதினெட்டு. பதினேழு. பதினாறு.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. முதலில் பேன்ட்ரியில் காபி மிஷின் கசிகிறது என்று நினைத்தாள். காபி இல்லை. ஈரக் கல்லும் துருப்பிடித்த இரும்பும் கரிமருந்தும் கலந்த வாசனை, சின்ன வயதில் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து கழற்றிப்போடும் சட்டையில் இருந்த வாசனை. பாதி நின்றுபோன ஏ.சி.யின் வாய்களிலிருந்து, ஆளில்லாத அறுபது மேஜைகளின் மேலாக, வெயில் பளீரென்று விழுந்திருந்த கார்ப்பெட்டின் மேலாக, மெதுவாக இறங்கி வந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக அந்த வாசனையை அவள் முகர்ந்ததில்லை. கூடவே, டப்பாவை மாட்டிய அன்று அப்பா சொன்னதும் நினைவுக்கு வந்தது.

அன்றைக்கு அவள் லேப்டாப்பைக் காட்டி விளக்கியதும் அவர் சிரித்துவிட்டார். "இது நாங்க பைப்பு தட்டறதுதானே?" சுரங்கத்தில் ஏர் பிளாஸ்ட் ஆகிப் பாறை வெடித்து வழி மூடிக்கொண்டால், காற்று போகும் இரும்புக் குழாயில் மூன்று தட்டு தட்டுவார்களாம். உள்ளே மாட்டியவன் உயிரோடு இருந்தால் மூன்று தட்டு திரும்பி வரும்.

"ஒரு வாட்டி ஆறு நாள் தட்டினோம் லவ்வி. ஆறு நாளும் பதில் வந்துச்சு. மொதல்ல எங்கியோ தூரத்துல. அப்புறம் கிட்ட, கிட்ட. மேஸ்திரி குழாய்ல காதை வெச்சுக் கேட்டாரு. மூஞ்சி வெளுத்துப் போச்சு. 'தட்டறதை நிறுத்துங்கடா, உள்ள கீறவன் இம்மாம் கிட்ட வர வழியே கெடையாது'ன்னாரு."

"அப்புறம்?"

"பத்தாம் நாளு தோண்டிப் பார்த்தோம். உள்ள மாட்டின நாலு பேரும் மொத நாளே நசுங்கிக் கெடந்தானுங்க."

"அப்ப தட்டினது யாருப்பா?"

அவர் மூன்று விரலால் டியூபைச் சரிசெய்துகொண்டார். "கேட்டாத்தான் அது வரும். கேக்கறதை நிறுத்தினா நின்னுரும். உன் மிஷினுக்கு நிறுத்தத் தெரியுமா?" அவள் அப்போது சிரித்தாள், சும்மா பயமுறுத்தாதீங்க என்று அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

பதினொன்று. பத்து. பத்து. ஒன்பது.

நிறுத்திவிடலாம். ஒரே க்ளிக். ஆனால் நிறுத்தினால் அப்பா இருக்கிறாரா இல்லையா என்று எப்படித் தெரியும்? காலையில் ஒரு தரம் அப்படி நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டவள்தானே அவள்? மறுபடியும் எப்படி அதைச் செய்வது? மௌஸ் மேல் வைத்த விரல் அப்படியே இருந்தது.

பதினொன்றே காலுக்கு அப்பாவைக் கூப்பிட்டாள். முதல் மணி. நல்லாத்தான் இருந்தார். இருமல். தண்ணீர். அந்த இருமலை அவள் இன்று நாலு தரம் கேட்டாயிற்று. ஒரே நீளம், முடிவில் ஒரே இழுப்பு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் சொல்லித்தரும் முதல் பாடமே இதுதான்: பதில் வந்தால் மட்டும் போதாது, பதிலில் இருக்க வேண்டிய வார்த்தை இருக்கிறதா என்று பார்க்கணும். அப்பா ஃபோனை வைக்கும்போது எப்போதும் "வெச்சிரட்டா லவ்வி" என்பார். ஒரு நாளும் அவர் அதைச் சொல்லாமல் வைத்ததில்லை.

இன்று நாலு தரம் வைத்திருக்கிறார்.

மறுபடி கூப்பிட்டாள்.

"அப்பா, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

தண்ணீர் சொட்டியது.

"அப்பா. ஒரே ஒரு வாட்டி. என் பேரு."

இருமல். "நல்லாத்தான் கீறேன்ம்மா."

குரல் தெளிவாக இருந்தது. காலையில் கேட்டதைவிடத் தெளிவாக இருந்தது. பக்கத்து அறையிலிருந்து பேசுவது மாதிரி.

ஆறு. ஐந்து. ஐந்து.

ஓடிவிடலாமா என்று எழுந்து லிஃப்ட் வரை போனாள், திரும்பி வந்தாள். எண்ணைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நாலு. கீபோர்டின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிசாகத் தூசி படிந்திருந்தது. ஊதினாள், போகவில்லை. விரலால் தேய்த்தாள். நறநறத்தது. கல்தூசி.

ஃபோன் அடித்தது. திரையில் 'அப்பா'.

எடுத்துக் காதில் வைத்தாள்.

"அக்கா? நான் மகா. அக்கா..." அவள் அழுதுகொண்டிருந்தாள். "தாத்தாவுக்குக் கஞ்சி குடுக்கலாம்னு இப்பத்தான் மேல வந்தேன். கதவு தட்டித் தட்டிப் பார்த்துட்டுச் சாவி போட்டுத் தொறந்தேன். உடம்பு ஜில்லுனு இருக்குதுக்கா. எப்பவோ போயிட்டாருக்கா."

"எப்பவோன்னா?"

"ஏழு மணிக்கே கரண்ட் போயிருச்சு. பந்த்னு லைன்மேன் யாரும் வரல. நான் தூங்கிட்டேங்க்கா, என்னை மன்னிச்சிருங்க. என் ஃபோன்ல சார்ஜ் இல்ல, அதான் இவரு ஃபோன்ல அடிக்கிறேன்." மூக்கை உறிஞ்சினாள். "நீங்களும் எத்தனை வாட்டிதான் அடிச்சிருக்கீங்க. அஞ்சு மிஸ்டு கால் இருக்குது. ஒண்ணைக்கூட எடுக்கலியே அவரு."

அஞ்சு. எட்டு மணி, பத்தேகால், பத்து ஐம்பது, பதினொன்றே கால், இப்போது.

"மகா." திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "மிஷின் பின்னாடி ஒரு சின்ன டப்பா இருக்கும். லைட் எரியுதா பாரு."

"கரண்டே இல்லியேக்கா. எப்படி எரியும்?"

திரையில் கில்பர்ட் பச்சை. இரண்டு.

பச்சை. ஒன்று.

நிறுத்தினாள். இந்தத் தரம் விரல் தானாகவே போயிற்று. வரி சாம்பலாகி அடிக்குப் போனது. மகா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஃபோனை மடியில் வைத்துவிட்டு லவினா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஏழு பதினாலுக்கு அவர் கூப்பிட்டார். ஏழு பதினாறுக்குக் கூப்பிட்டார். ஏழு பத்தொன்பதுக்கு, மூச்சு இல்லாத நேரத்தில், மூன்றே விரலில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். பெத்த மகள் எடுக்கவில்லை. இவள் யாரோ ஒருத்தனுடைய சர்டிஃபிகேட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அமைதியாக இருந்தது. ஏ.சி. முழுவதுமாக நின்றிருந்தது.

டங்.

நெருப்பணைக்கும் தண்ணீர்க் குழாய் கூரையிலிருந்து தூண் ஓரமாக இறங்கி, அவள் மேஜைக்குப் பின்னால் தரைக்குள் போகிறது. சிவப்புப் பெயிண்ட் அடித்த இரும்புக் குழாய்.

டங். டங்.

மூன்று. பிறகு இல்லை. காத்திருந்தது.

அப்பா சொன்னது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருந்தது. நிறுத்தியாயிற்று. இனி கேட்காமல் இருந்தால் போதும். எழுந்து படியில் இறங்கி, வெயிலில், காலி ரோட்டில் ஓடினால் போதும்.

டங். டங். டங்.

மூன்று தரம் கூப்பிட்டாரே. மூன்று தரம்.

"அப்பா" என்றாள்.

தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். எவர்சில்வர் பாட்டில். குழாயில் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

பதில் குழாயிலிருந்து வரவில்லை.

மேஜைக்கு அடியிலிருந்து வந்தது.

குனிந்தாள். திரையில், அவள் நிறுத்தி வைத்த வரி பச்சையாகி மேலே ஏறியது. பூஜ்யம். மேஜையின் அடியில் பட்டப்பகலிலும் இருட்டு. ஈரக் கல்லின் வாசனை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு வந்து அவள் கணுக்காலைச் சுற்றிப் பிடித்தது. சாம்பல் தூசி அப்பிய கை. கிழட்டுக் கை. வலது கை.

"நல்லாத்தான் கீறேன்ம்மா."

அந்தக் கையின் விரல்களை எண்ணினாள்.

ஐந்து.